பஸ்ல நாம எந்த சீட்டும்மா? குட்டிப் பிள்ளைங்களுக்கு அமெரிக்க சிவில் ரைட்ஸ் கதை சொல்றது எப்படி

இங்க அமெரிக்கால ஜனவரி மூணாவது திங்கக்கிழமை, கறுப்பின மக்களோட உரிமைக்குப் போராடின மார்ட்டின் லூதர் கிங் பேர்ல லீவு. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஸ்கூல் பையில ஒரு கலரிங் பேப்பர் வரும், கிங் படம், கீழ ஒரு புறா, அவ்ளோதான். என் பொண்ணு கிண்டர்கார்டன்ல இருந்தப்போ அந்தப் பேப்பரத் தூக்கிட்டு வந்து ஷூவக்கூட கழட்டாம கேட்டா, "அம்மா, அந்த பஸ்ல நாம முன்னாடி சீட்டா பின்னாடி சீட்டா?" ஒரு காலத்துல இங்க பஸ்ல வெள்ளைக்காரங்களுக்கு முன்னாடி, கறுப்பின மக்களுக்குப் பின்னாடின்னு சீட்டப் பிரிச்சு வச்சிருந்தாங்களே, அதைத்தான் கேக்கறா. நான் குக்கர் விசில எண்ணிக்கிட்டு நின்னேன், "அப்போ நாம இந்த ஊர்லயே இல்லடா, போய் கை கழுவு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. அஞ்சு வயசுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலன்றதுதான் உண்மை.

அதுக்கப்புறம் உக்காந்து படிச்சேன். இப்போ நாலு வருஷமா எங்க ராலே (நார்த் கரோலினா) பக்கத்து வீக்எண்ட் தமிழ் வகுப்புல ஜனவரி மாசம் ஒரு எட்டு பத்து பிள்ளைங்கள வச்சு இதைச் சொல்லிக்குடுக்கறேன். நான் டீச்சர் இல்ல, சொதப்பி சொதப்பிக் கத்துக்கிட்டதுதான். புதுசா இங்க வந்திருக்கற அப்பா அம்மாக்களுக்கு ஆகும்னு எழுதறேன்.

முதல்ல நம்ம வாயப் பாத்துக்கணும்

பிள்ளைகிட்ட போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது. ஊருக்கு போன் பேசும்போது "இங்க கறுப்பனுங்க இருக்கற ஏரியா, ராத்திரி போகக்கூடாது"ன்னு சர்வ சாதாரணமா சொல்வோம். வெயில்ல விளையாடப் போற பொண்ணப் பாத்து "கறுத்துடுவ, உள்ள வா"ம்போம். பாட்டி வீடியோ கால்ல "ஏன்டி இப்படிக் கறுத்துப் போயிட்ட"ன்னு கேப்பாங்க. பிள்ளை இதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. அப்புறம் நீங்க ஜனவரில ஒரு நாள் உக்காந்து எல்லாரும் சமம்னு சொன்னா அது எத நம்பும்?

1940கள்ல கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு ஒரு கணவன் மனைவி, ரெண்டு பேரும் கறுப்பின உளவியலாளர்கள், 3 வயசுல இருந்து 7 வயசு வரைக்குமான கறுப்பினக் குழந்தைங்க முன்னாடி பொம்மைங்கள வச்சாங்க. நிறத்தத் தவிர வேற வித்தியாசமே இல்லாத பொம்மைங்க. எது நல்ல பொம்மைன்னு கேட்டா நிறையப் பிள்ளைங்க வெள்ளை பொம்மையக் காட்டுச்சு. அப்புறம், இதுல உன்னை மாதிரி இருக்கறது எதுன்னு கேட்டிருக்காங்க. சில பிள்ளைங்க அழுதுட்டு ரூமை விட்டே ஓடிடுச்சாம். 1954ல, பள்ளிக்கூடத்துல இனம் பாத்துப் பிரிக்கறது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னப்போ இந்த ஆராய்ச்சியையும் அடிக்குறிப்புல காட்டுச்சு. ஆக சின்னப் பிள்ளைக்கு நிறமெல்லாம் தெரியாது, நாமளா சொல்லிக் கெடுக்க வேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வார்த்தை விஷயத்துல நான் வச்சிருக்கற வழக்கம், தமிழ்ல பேசினா "கறுப்பின மக்கள்", இங்கிலீஷ்ல பேசினா "பிளாக்". மெல்லமா குசுகுசுன்னு இல்லாம சாதாரணக் குரல்ல சொல்லுங்க. நாம குரலத் தாழ்த்தினாலே அது ஏதோ கெட்ட வார்த்தைன்னு பிள்ளை முடிவு பண்ணிடும்.

நாலஞ்சு வயசுக்கு: போங்காட்டம் போதும்

இந்த வயசுல வருஷம், சட்டம், கோர்ட் எதுவும் வேணாம். இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் பெரியவங்களை விட நல்லாத் தெரியும், எது போங்காட்டம்ன்றது. கேக்குல தம்பிக்குப் பெரிய துண்டு போயிட்டா வீடே ரெண்டாகுதே, அந்த உணர்ச்சிதான் நமக்கு மூலதனம்.

நான் சொல்ற முறை இது. ஒரு பேப்பர்ல பஸ் வரைங்க. மாண்ட்கோமரின்னு அலபாமாவுல ஒரு ஊரு, அங்க சிட்டி பஸ்ல 36 சீட்டு. முன்னாடி 10 வெள்ளைக்காரங்களுக்கு மட்டும், காலியா கிடந்தாலும் கறுப்பின மக்கள் உக்காரக்கூடாது. பின்னாடி 10 கறுப்பின மக்களுக்கு. நடுவுல இருக்கற 16ல உக்காரலாம், ஆனா முன்னாடி இடம் நிறைஞ்சு ஒரு வெள்ளைக்காரர் நின்னா எழுந்து குடுக்கணும். அவர் உக்கார்ற வரிசையில வேற நிறத்து ஆள் உக்காரவே கூடாதுன்றதால ஒருத்தர் எழுந்தாப் பத்தாது, முழு வரிசையும் எழணும். 1955 டிசம்பர் 1ஆம் தேதி ரோசா பார்க்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண் போன பஸ்ல அதுதான் நடந்துச்சு. நின்னது ஒரே ஒரு ஆள், எழுந்திரிக்கச் சொன்னது நாலு பேர. மூணு பேர் எழுந்துட்டாங்க. ரோசா எழல.

இந்த எடத்துல நிறுத்திடுங்க. பட்டன், பொட்டு, புளியங்கொட்டை, எது கையில கிடைக்குதோ அதை சீட்டு மேல வச்சு நகத்தச் சொல்லுங்க. ஒரு பட்டன் உக்கார நாலு பட்டன எடுக்கணும்னு சொன்னதும் என் வகுப்புல ஒரு அஞ்சு வயசுப் பையன், "அது கணக்கே தப்பு ஆன்ட்டி"ன்னான். அதுக்கு மேல நான் விளக்க என்ன இருக்கு.

பஸ் டிரைவர்கிட்ட முன்வாசல்ல காசு குடுத்துட்டு, இறங்கி, வெளியவே நடந்து போய் பின்வாசல்ல ஏறணும்ன்ற வழக்கத்தையும் சொல்லலாம். சில சமயம் ஏறறதுக்குள்ள பஸ் கிளம்பிப் போயிடும். ரோசாவுக்கே 1943ல இந்த வாசல் தகராறு நடந்திருக்கு, பஸ்ஸ விட்டு இறக்கிவிட்ட அதே டிரைவர்தான் 12 வருஷம் கழிச்சு போலீஸக் கூப்பிட்டவரும்.

இங்க ஒரு எச்சரிக்கை. முதல் வருஷம் நான் ஆர்வக்கோளாறுல நிஜமாவே நாற்காலிங்கள பஸ் மாதிரி போட்டு, நீல சட்டை போட்ட பிள்ளைங்க பின்னாடி போங்கன்னு விளையாட்டா நடத்தினேன். முன்னாடி உக்காந்தவங்களுக்கு ஒரே குஷி, ஒருத்தி திரும்பி நாக்கத் துருத்தறா. பின்னாடி இருந்த ஒரு பையன் சத்தமே இல்லாம அழுதுட்டு இருந்தான், நான் கவனிக்கல, அவன் அம்மா கூப்பிட வந்தப்போதான் தெரிஞ்சுது. அவமானத்த அனுபவிச்சுக் காட்டித்தான் புரியவைக்கணும்னு இல்ல. பட்டன் போதும். பிள்ளைங்கள அந்த இடத்துல உக்கார வைக்காதீங்க.

ஆறேழு வயசுக்கு: ரூபி

இந்த வயசுக்கு ரூபி பிரிட்ஜஸ் மாதிரி ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கும் அப்போ 6 வயசு. 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ்ல வில்லியம் ஃப்ரான்ட்ஸ்னு ஒரு ஆரம்பப்பள்ளி, அதுவரைக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைங்க மட்டும் படிச்சது, அங்க சேர்ந்த முதல் கறுப்பினப் பொண்ணு ரூபி. வாசல்ல கூட்டம் கத்துது, நாலு ஃபெடரல் மார்ஷல் (மத்திய அரசு போலீஸ்) முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டா நின்னு ரூபிய நடுவுல கூட்டிட்டுப் போறாங்க. கூட்டத்தப் பாத்து ரூபி அதை மார்டி கிரா திருவிழான்னு நினைச்சிருக்காங்க, அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெருவுல கூட்டம்னா அதுதான ஞாபகம் வரும். முதல் நாள் முழுக்க பிரின்சிபால் ரூம்லயே உக்காந்திருந்தாங்க, வகுப்பே நடக்கல. வெள்ளைக்கார அப்பா அம்மாங்க வந்து வந்து பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க. சொல்லிக்குடுக்க முன்வந்தது பார்பரா ஹென்றின்னு பாஸ்டன்ல இருந்து வந்த ஒரே ஒரு டீச்சர். அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்புல ஒரு டீச்சர், ஒரு பொண்ணு.

எல்லாரும் மார்ஷல் கதையோட நிறுத்திடுவாங்க. நான் சொல்றது சாப்பாட்டுக் கதை. ரூபி மத்தியானம் தனியா உக்காந்து சாப்பிடணும். பக்கத்துல பேச ஆள் இல்ல. அதனால சாண்ட்விச்ச அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க, பாலை பசை டப்பாவுல ஊத்தி வச்சிருக்காங்க. எலி வந்து, கரப்பான் வந்து, கடைசில மாட்டிக்கிட்டாங்க. இதைச் சொன்னா பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிக்கும். சிரிச்சு முடிஞ்சதும் ஒண்ணு கேளுங்க, "அவ ஏன் சாப்பிடல?" அமைதியா ஆயிடும். லஞ்ச் பாக்ஸத் திறந்ததும் இட்லி வாசனைக்கு யாராவது மூக்கச் சுளிச்சு, சாப்பிடாமலே மூடி எடுத்துட்டு வந்த பிள்ளைங்க நம்ம வகுப்புலயும் இருக்கு. அதுங்களே வாயத் திறந்து சொல்லும். ரெண்டும் ஒண்ணுன்னு மட்டும் முடிச்சுப் போடாதீங்க, ரூபி வீட்ல அவ அப்பாவுக்கு வேலையே போச்சு, வாசல்ல நின்னு ஒருத்தி சாப்பாட்டுல விஷம் வைப்பேன்னு கத்தினா. ஆனா அந்தப் பொண்ணு தனியா உக்காந்ததப் புரிஞ்சுக்க பிள்ளைக்கு அது ஒரு வாசல்.

அப்புறம் போட்டோ. கறுப்பு வெள்ளைப் படம் பாத்தா பிள்ளைங்க அதை டைனோசர் காலம்னு நினைக்குது. ரூபி பொறந்தது 1954. "உன் பாட்டி பொறந்தது எப்போ?"ன்னு கேட்டுப் பாருங்க. என் பொண்ணு பாட்டிக்கே போன் போட்டு, "நீயும் ரூபியும் ஒரே கிளாஸா?"ன்னு கேட்டா, எங்கம்மா திருச்சில இருந்து "எந்த ரூபிடி?"ங்கறாங்க.

இந்த வயசுல வர்ற இன்னொரு குழப்பம், லிங்கனையும் கிங்கையும் கலந்துடறது. "கிங் அடிமைங்கள விடுதலை பண்ணார்"னு எழுதாத பிள்ளையே கிடையாது. வீட்ல இருக்கற ரிப்பன எடுங்க, பத்து வருஷத்துக்கு ஒரு ஜாண்னு அளந்து ஹால்ல நீட்டிப் போடுங்க. அடிமைமுறை சட்டப்படி ஒழிஞ்சது 1865, அங்க ஒரு முடிச்சு. கறுப்பின மக்கள ஓட்டுப் போட விடாம தடுக்கக்கூடாதுன்ற ஓட்டுரிமைச் சட்டம் 1965, இன்னொரு முடிச்சு. நடுவுல பத்து ஜாண். அந்தப் பத்து ஜாண் முழுக்க நடந்து பாக்கச் சொல்லுங்க, அவ்ளோ காலம் தனி பஸ் சீட்டு, தனி பள்ளிக்கூடம், தனி தண்ணிக் குழாய்னு ஓடியிருக்குன்னு காலுக்கே தெரியும்.

ஒரு ஆளோட கதையா சொல்லாதீங்க

எனக்கு இதுல ரொம்பக் கோபம் வரும். ரோசா பார்க்ஸ்னா யாரோ ஒரு அப்பாவித் தையல்காரம்மா, வேலை முடிஞ்சு கால் வலி, அதனால எழல, மறுநாள் கிங் வந்து பேசினார், எல்லாம் சரியாயிடுச்சு. கலரிங் பேப்பர் கதை இதுதான். ரோசாவுக்கு அப்போ 42 வயசு, என்ஏஏசிபின்ற உரிமை அமைப்போட ஊர்க் கிளைல பல வருஷமா செக்ரட்டரி. கால் வலிக்கல, பணிஞ்சு பணிஞ்சு போயே அலுத்துடுச்சுன்னு அவங்களே பின்னாடி எழுதியிருக்காங்க. அவங்களுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே, மார்ச் 2ஆம் தேதி, அதே ஊர்ல கிளாடெட் கால்வின்னு 15 வயசு ஸ்கூல் பொண்ணு எழ மாட்டேன்னு சொல்லி அரெஸ்ட் ஆயிருக்கா. எட்டு வயசுக்கு மேல இருக்கற பிள்ளைங்களுக்கு ரோசாவ விட கிளாடெட்டத்தான் பிடிக்குது, கவனிச்சிருக்கேன்.

ரோசா கைதானதும் என்ன நடந்துச்சுன்றதுதான் சொல்ல வேண்டிய கதை. ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு காலேஜ் டீச்சர், அன்னிக்கு ராத்திரியே காலேஜுக்குப் போய் விடிய விடிய ஆயிரக்கணக்குல நோட்டீஸ் சைக்ளோஸ்டைல் பண்ணாங்க, திங்கக்கிழமை யாரும் பஸ் ஏறாதீங்கன்னு. டிசம்பர் 5ஆம் தேதி பஸ் காலியா ஓடுச்சு. ஒரு நாள்னு ஆரம்பிச்சது 381 நாள் போச்சு. பஸ்ல போறவங்கள்ல முக்காவாசிப் பேர் கறுப்பின மக்கள்தான், அதனால கம்பெனிக்கு செம அடி. நடந்தாங்க, கார் வச்சிருக்கறவங்க கூட்டிட்டுப் போனாங்க, சர்ச்சுங்க ஸ்டேஷன் வேகன் வாங்கி விட்டுச்சு. பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையக்காரம்மா, ஊர்ப் பொம்பளைங்களச் சேத்து கேக், பை, வறுத்த சிக்கன்லாம் பண்ணி வித்து, வாராவாரம் கூட்டத்துல காசக் கொண்டு வந்து குடுத்தாங்க. யார் குடுத்ததுன்னு தெரிஞ்சா வெள்ளைக்கார முதலாளிங்க வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களே, அதனால அந்தக் குழுவுக்கு அவங்க வச்ச பேரே "எங்கிருந்தும் வராத கிளப்". எங்கிருந்து வந்துச்சு காசுன்னு கேட்டா எங்கிருந்தும் இல்ல. பிள்ளைங்களுக்கு இந்த ஜோக் உடனே புரியுது.

இந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கின கிங்குக்கு அப்போ 26 வயசு. கடைசில பஸ் சட்டத்த உடைச்ச கோர்ட் கேஸ்ல வாதிங்கள்ல ஒருத்தி கிளாடெட்.

வீட்ல செய்ய: சுவர் காலண்டர்ல டிசம்பர் 5ல ஆரம்பிச்சு பிள்ளையையே எண்ணச் சொல்லுங்க, நம்ம வீட்டுப் பிறந்தநாள், தீபாவளி, கோடை லீவு எல்லாத்தையும் தாண்டி மறு டிசம்பர் வரைக்கும் போகும். ஒரு சனிக்கிழமை காரத் தொடாம நடந்தே எங்கயாவது போய் வாங்க. நாங்க லைப்ரரிக்குப் போனோம், ஒன்றரை மைல், திரும்பும்போது சின்னவன் என் தோள்ல. நாளைக்கும் நடக்கணுமான்னு கேட்டான்.

எட்டு வயசுக்கு மேல

இப்போ கஷ்டமானதச் சொல்லலாம். 1963 மே 2, அதே அலபாமாவுல பர்மிங்ஹாம்ன்ற ஊர்ல, இனம் பாத்துப் பிரிக்கறத எதுத்து ஆயிரத்துக்கும் மேல ஸ்கூல் பிள்ளைங்க 16ஆவது தெரு சர்ச்ல இருந்து ஊர்வலமா கிளம்பி வரிசை வரிசையா கைதாகிப் போச்சு. ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸுக்கு 9 வயசு, ஒரு வாரம் உள்ள இருந்தா. மறுநாள் வந்த பிள்ளைங்க மேல ஃபயர் சர்வீஸ் ஹோஸ்ல தண்ணி அடிச்சாங்க, நாய ஏவினாங்க. சொல்லுங்க, படம் காட்டாதீங்க. நாய் படத்த ஒரு தடவை காட்டிட்டு ரெண்டு வாரம் ராத்திரி லைட்ட அணைக்க முடியாம தவிச்சிருக்கேன். அதே சர்ச்ல செப்டம்பர் 15ஆம் தேதி குண்டு வச்சதுல நாலு பொண்ணுங்க செத்தது, அதை நான் பத்து வயசு வரைக்கும் தள்ளிப் போடறேன்.

கிங்க சுட்டுட்டாங்கன்றத ஆனா மறைக்க முடியாது, ஸ்கூல்ல யாராவது சொல்லிடுவாங்க. சுருக்கமா உண்மையச் சொல்லுங்க: 1968 ஏப்ரல் 4, மெம்ஃபிஸ்ல, குப்பை அள்ற தொழிலாளிங்க ஸ்ட்ரைக்குக்குத் துணையா போன எடத்துல. அடுத்த கேள்வி "உன்னையும் சுடுவாங்களா?"ன்னு வரும். தயாரா இருங்க. நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டு "அம்மா இங்கதான் இருக்கேன்"னேன், அதுக்கு மேல அந்த நிமிஷத்துல ஒண்ணும் தோணல.

சரி, அந்த முதல் கேள்வி

நாம முன்னாடியா பின்னாடியா? நம்ம வீட்டுப் பிள்ளை கட்டாயம் கேக்கும், பதில தயார் பண்ணி வச்சுக்கோங்க. 1923லயே இந்தியர் வெள்ளையர் கிடையாதுன்னு சொல்லி பகத் சிங் திண்ட்ன்றவருக்கு சுப்ரீம் கோர்ட் குடியுரிமைய மறுத்துடுச்சு. ரோசா கைதாகறதுக்கு மூணு மாசம் முன்னாடி, 1955 ஆகஸ்ட்ல, ஹூஸ்டன் ஏர்போர்ட் ரெஸ்டாரன்ட்ல இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தாவையே பொது இடத்துல உக்கார விடாம தனி ரூமுக்குப் போகச் சொல்லியிருக்காங்க, அப்புறம் அமெரிக்க அரசாங்கமே மன்னிப்புக் கேட்டுச்சு. தூதருக்கே அப்படின்னா நாம எங்க உக்காந்திருப்போம்னு பிள்ளையே சொல்லிடும்.

எனக்குப் பிடிச்சது நம்ம சுதந்திரப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாய கதை. 1941ல லூசியானாவுல ரயில்ல போறாங்க, வெள்ளைக்காரங்க பெட்டி. டிக்கெட் கலெக்டர் வந்து "எழுந்து போ"ங்கறான். அவங்க எழல. அவனுக்குச் சந்தேகம், நீ எந்த ஊருன்னு திரும்ப வந்து கேக்கறான், ஏன்னா வெளிநாட்டுக்காரின்னா விட்டுடலாம். நான் இந்தியான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. அவங்க சொன்னது, எந்த ஊரா இருந்தா என்ன, நான் நிறமுள்ள பொம்பளைதான், இங்க இருந்து நகர்றதா இல்ல. தப்பிக்க வழி இருந்தும் அந்த வழில போகல. என் பொண்ணுகிட்ட இப்போ இதைத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு. நாம இந்த நாட்டுல இருக்கறதுக்கே இந்தப் போராட்டம் ஒரு காரணம். 1946ல இருந்து இந்தியாவுக்குக் குடியேற்றக் கோட்டா வருஷத்துக்கு 100 பேர், அவ்ளோதான். பிறந்த நாட்டப் பாத்துக் கோட்டா போடற அந்த முறைய எடுத்துப் போட்ட சட்டம் வந்தது 1965 அக்டோபர்ல, ஓட்டுரிமைச் சட்டம் வந்து ரெண்டே மாசத்துல, அதே காத்துல. பெரிய பிள்ளைங்களுக்கு கிங் 1959ல இந்தியா வந்ததையும் சொல்லுங்க, சென்னைக்கும் வந்தார், கன்னியாகுமரில சூரியன் மறையறதையும் நிலா எழும்பறதையும் ஒரே நேரத்துல பாத்தத ஊருக்குப் போய் பிரசங்கத்துல சொல்லியிருக்கார். அதே பயணத்துல திருவனந்தபுரம் பக்கம் தலித் பிள்ளைங்க படிக்கற ஸ்கூல்ல, அமெரிக்கால இருந்து வந்திருக்கற இன்னொரு தீண்டத்தகாதவர்னு பிரின்சிபால் அவரை அறிமுகப்படுத்தினாராம். முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, அப்புறம் யோசிச்சு ஆமா நான் அதான்னு ஒத்துக்கிட்டேன்னு சொல்றார். இந்தக் கதையச் சொன்னா பிள்ளை அடுத்து நம்ம ஊரப் பத்திக் கேக்கும். அப்போ "அதெல்லாம் அந்தக் காலம்"னு நழுவாதீங்க.

கடைசியா ஒரு நாள் டிரிப்

மிச்சிகன் பக்கம் இருக்கறவங்களுக்கு யோகம், ரோசா உக்காந்த அந்த பஸ்ஸே டியர்பார்ன்ல ஹென்றி ஃபோர்டு மியூசியத்துல நிக்குது, உள்ள ஏறி உக்காரலாம். வாஷிங்டன் போனா அமெரிக்க வரலாற்று மியூசியத்துல கிரீன்ஸ்பரோ உல்வொர்த் கடையோட சாப்பாட்டு கவுண்டர்ல ஒரு பகுதி இருக்கு, அந்த கவுண்டர்ல வெள்ளைக்காரங்கள மட்டும்தான் உக்கார வச்சு பரிமாறுவாங்க. எங்களுக்கு கிரீன்ஸ்பரோவே ஒண்ணேகால் மணி நேரம்தான். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி நாலு கறுப்பினக் காலேஜ் பசங்க போய் உக்காந்து காபி கேட்ட அதே கட்டடம் இப்போ மியூசியம், கவுண்டரும் ஸ்டூலும் அங்கயே இருக்கு. ஒரு பகுதில கொடூரமான படங்கள் மாட்டியிருக்காங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா கைடுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அதைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்.

போறப்போ கார்ல பொண்ணு கேட்டா, அவங்களுக்குக் காபி கிடைச்சுதான்னு. அன்னிக்குக் கிடைக்கல, கடை மூடற வரைக்கும் உக்காந்துட்டு எழுந்து போனாங்க, மறுநாள் இன்னும் நிறையப் பேரோட வந்தாங்க. ஜூலை 25ஆம் தேதிதான் கடை இறங்கி வந்துச்சு. அன்னிக்கு முதல்ல உக்கார வச்சு பரிமாறினது அந்தக் கடைலயே வேலை பாத்த கறுப்பின ஊழியர்களுக்கு. ஜெனிவா டிஸ்டேல்னு ஒருத்தங்க கேட்டது முட்டை சாலட் சாண்ட்விச், அந்த முட்டை சாலட்ட பண்ணதே அவங்கதான். பின்சீட்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதுவரைக்கும் அவங்க லஞ்ச் எங்க சாப்பிட்டாங்க?"ன்னா.

மியூசியத்துக்குப் போய் கைடையே கேப்போம்னு சொன்னேன். கேட்டா.